இரண்டாவது வாசல் இல்லாத தறி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வேலை கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை, போட்டிக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒரே மாதிரி வேலைக்குப் பல விதக் கூலி, உயர்ந்த திறமைக்கு அடிமட்டக் கூலி. ஏன் இப்படி?

பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் இரண்டு திசையில் வேலைக்குக் கிளம்புவது இன்று சாதாரணம். அப்பா உள்ளறைக்குப் போய்த் தறிக்குழியில் கால் வைக்கிறார். மகன் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான். அப்பாவின் தொழிலைக் கற்றுத் தேற ஆண்டுகள் பிடிக்கும். மகனின் வேலையைச் சில வாரப் பயிற்சியில் பழகிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் வீட்டுக்கு அதிகப் பணம் கொண்டுவருவது பெரும்பாலும் மகன்தான்.

போட்டி நிறைந்த சந்தையில் இது நீடிக்கக் கூடாது என்கிறது பொருளாதாரப் பாடநூல். ஓர் இடத்தில் கூலி குறைந்தால் ஆட்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். ஆள் கிடைக்காத முதலாளி கூலியை உயர்த்துவார். இப்படியே ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்று சந்தை தானாகச் சமன்படும். அரிய திறமைக்கு அதிகக் கூலி கிடைக்கும். கேட்க நியாயமாக இருக்கிறது. காஞ்சிபுரத்தில் போட்டியும் இருக்கிறது. காந்தி சாலையில் பட்டுக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க உலக நிறுவனங்களின் ஆலைகள். ஆனால் கூலி சமன்படவில்லை. தலைமுறை தாண்டியும் சமன்படாத ஒன்றைத் தற்காலிகக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் காரணங்கள் உண்டு. காஞ்சிபுரம் அவற்றைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு புடவை, இரண்டு பேர், ஒரு கூலி

முதலில் தறியின் கணக்கைப் பார்ப்போம். காஞ்சிபுரம் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து, வரிக்கு வரி ஒன்றோடொன்று கோத்துச் செல்ல வேண்டும். இரு பக்கமும் கரை என்றால் மூன்று நாடா ஓடும். முந்தியின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவின், அதாவது நீளவாட்டு நூலின், இழைகளோடு புதிய இழைகளைப் பிணைக்கும் பேட்னி வேலை வேறு. துணி கிழிந்தாலும் கரை பிரியாது என்று ஊர் பெருமைப்படுவது இதனால்தான்.

கோர்வைத் தறியில் ஒருவர் உட்கார்ந்தால் போதாது. பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, பாவை விரித்துச் சரிபார்ப்பது எல்லாம் வீட்டுப் பெண்களின் கையில். கூலியோ புடவைக் கணக்கில் பேசப்படுகிறது. எத்தனை பேர் உழைத்தார்கள், எத்தனை நாள் ஆனது என்பது அந்தப் பேச்சில் வராது.

கணக்குக்காக ஒரு புடவைக்கு 9,000 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். பெரிய தொகை போலத் தெரியும். வேலை 15 நாள் நடக்கிறது. இரண்டு பேர் முழுநேரமும் உழைக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். பாவு தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா நிற்கும் நாட்களையும், மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தறிக்குழி நனையும் நாட்களையும் இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை.

நாடு முழுவதற்கும் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. கைத்தறி நெசவுக் குடும்பங்களில் 66.3 சதவீதத்தின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. பகுதிநேரமாக நெய்பவர்களும் பருத்தி நெசவாளர்களும் அதில் அடக்கம் என்பதால் காஞ்சிபுரம் பட்டு நெசவாளியின் வருமானமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தறி என்ற தொழில் இந்த நாட்டில் எந்தத் தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது அதில் தெரிகிறது. அதே கணக்கெடுப்பின்படி நெசவாளர்களில் 72 சதவீதம் பேர் பெண்கள்.

ஒரே சாலையில் 1.8 மடங்கு

தறி பழைய தொழில், அதனால்தான் கூலி குறைவு என்று யாராவது சொல்லக்கூடும். சரி, புதிய தொழிலைப் பார்ப்போம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் வழியில் இருக்கிறது சுங்குவார்சத்திரம். அங்கே 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்தது. சங்க அங்கீகாரம் முதல் கோரிக்கை, ஊதிய உயர்வு அடுத்தது. சராசரியாக மாதம் 25,000 ரூபாய் பெறுகிறோம், மூன்றாண்டில் அது 36,000 ஆக வேண்டும் என்றார்கள். நிறுவனம் தந்த பதிலில் ஒரு புள்ளிவிவரம் இருந்தது: இந்த வட்டாரத்தின் மற்ற நிறுவனங்களில் இதே மாதிரி வேலை செய்பவர்களைவிடத் தங்கள் முழுநேரத் தொழிலாளர்கள் 1.8 மடங்கு சம்பளம் பெறுகிறார்கள் என்பது.

அந்தப் பதிலை நிறுவனத்தின் தற்காப்பாக மட்டும் படித்துவிட்டுப் போனோம். அதற்குள் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. ஒரே வட்டாரம், ஒத்த வேலை, பக்கத்துப் பக்கத்து ஆலைகள், போய்வர ஒரே சாலை. ஆனாலும் சம்பளத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு வித்தியாசம். 2021 டிசம்பரில், விடுதி உணவால் சக தொழிலாளர்கள் நோயுற்றதைக் கண்டித்து அதே வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது, அவர்களின் மாத ஊதியம் 10,500 ரூபாய் அளவில் இருப்பதாகச் செய்திகள் வந்தன. இந்த ஆலைகள் எல்லாம் உலகச் சந்தையில் கடும் போட்டியில் இருப்பவை. பொருளை விற்பதில் இருக்கும் அந்தப் போட்டி, தொழிலாளியின் கூலியைச் சமன்படுத்தவில்லை.

ஏன் என்ற கேள்விக்குப் பொருளியல் அறிஞர்கள் நூறாண்டாகப் பல பதில்களைச் சேர்த்திருக்கிறார்கள். வேலை தேடுவதற்கே நேரமும் பணமும் செலவாகிறது, எங்கே எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிவதில்லை, அதனால் ஒத்த தொழிலாளர்களுக்கும் வேறு வேறு ஊதியம் நிலைத்துவிடுகிறது என்று காட்டியவர் டேல் மார்டென்சன். பீட்டர் டயமண்ட், கிறிஸ்டோபர் பிசாரிடஸ் ஆகியோருடன் 2010-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். சில முதலாளிகள் தங்கள் நலனுக்காகவே கூடுதலாகக் கொடுப்பதும் உண்டு. 1914-இல் ஹென்றி ஃபோர்டு ஒரு நாளைக்கு 5 டாலர் ஊதியம் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, ஆட்கள் சேர்வதும் விலகுவதுமாக அவருடைய ஆலை திண்டாடிக்கொண்டிருந்தது. கூடுதல் கூலி அந்த ஓட்டத்தைப் பெருமளவு குறைத்தது.

இந்த வரிசையில் காஞ்சிபுரத்துக்கு மிக நெருக்கமான பதிலை 1933-இல் ஜோன் ராபின்சன் சொன்னார். ஒரு பொருளை விற்பவர் ஒருவரே என்றால் விலையை அவர் நிர்ணயிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். உழைப்பை வாங்குபவர் ஒருவரே, அல்லது ஒரு சிலரே என்றால் கூலியையும் அவர்களே நிர்ணயிப்பார்கள் என்று அவர் விளக்கினார். ஊரில் ஆயிரம் முதலாளிகள் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட தொழிலாளி அவர்களில் எத்தனை பேரிடம் உண்மையிலேயே போக முடியும் என்பதுதான் கணக்கு. போக வேறு வாசல் இல்லாதவருக்குச் சந்தையில் ஒரே ஒரு முதலாளிதான்.

முன்பணம் கை மாறிய கதை

போக இன்னொரு வாசல் இருந்தால் கூலி என்னவாகும் என்பதற்குத் தமிழகத்து நெசவாளர்களின் வரலாறே சாட்சி.

விஜயநகர ஆட்சிக்காலக் கல்வெட்டுகளில் கைக்கோளர்கள் சிறப்பு உரிமைகள் பெற்ற நெசவுச் சமூகமாகத் தெரிகிறார்கள். பல்லக்கில் செல்லவும், நன்மை தீமைகளில் சங்கு ஊதவும் காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்கு இருந்த உரிமை, 15-ஆம் நூற்றாண்டில் பிற ஊர்க் கைக்கோளர்களுக்கும் அதே முறையில் வழங்கப்பட்டது. தறி வரி தாங்க முடியாமல் போனபோது நெசவாளர்கள் ஊரைவிட்டே கிளம்பியதையும், அவர்களைத் திரும்ப அழைக்க வரி குறைக்கப்பட்டதையும் அக்காலக் கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்ற நிலைதான் அவர்களின் பலம்.

18-ஆம் நூற்றாண்டு பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இன்னும் கூர்மையான செய்தியைச் சொல்கிறது. அன்றும் வணிகர்கள் நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத்தான் துணி வாங்கினார்கள். ஆனால் இன்னொருவர் அதிக விலை தருவதாகச் சொன்னால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழக்கம் நெசவாளர்களுக்கு இருந்தது. வணிகருக்கு அப்படி விலக இடமில்லை. தென்னிந்திய நெசவாளரின் வாழ்க்கைத் தரம் அக்காலப் பிரிட்டிஷ் தொழிலாளியின் தரத்துக்குக் குறைந்ததல்ல என்பது அவருடைய முடிவு.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைப் பிடித்ததும் இது தலைகீழாக மாறியது. கம்பெனியிடம் முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று ஆக்கினார்கள். மீறாமல் பார்த்துக்கொள்ள ஆள்படையும் அதிகாரமும் துணை நின்றன. தறி அதேதான், நாடா அதேதான், கைத்திறன் அதேதான். சந்தையில் துணிக்கு இருந்த மதிப்பும் அப்படியே இருந்தது. மாறியது ஒன்றே: விலகும் உரிமை. அது போனதும் கூலியும் போனது.

உழைப்பவரின் கூலியை அவர் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. இந்தக் கூலி கட்டாது என்று எழுந்து போக அவருக்கு வழி இருக்கிறதா என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. போட்டிப் பொருளாதாரத்தில் கூலி வேறுபாடு நிலைத்து நிற்பதன் ஆணிவேர் இதுதான் என்று இந்தக் கட்டுரை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறது.

இன்றைய வாசல்களை அடைத்தது யார்?

இன்று காஞ்சிபுரத்தில் எந்தப் படையும் தறிவீட்டு வாசலில் நிற்பதில்லை. ஆனால் வாசல் வேறு விதங்களில் அடைபட்டிருக்கிறது.

முதல் அடைப்பு கச்சாப்பொருள். பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகின்றன. தங்கம், வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலையும் ஏறும். ஒரு பாவில் மூன்று புடவை என்றால், அதற்கான பட்டையும் ஜரிகையையும் சொந்தக் காசில் வாங்கிப்போடக் கூலி நெசவாளியால் முடியாது. நூலைக் கொடுப்பவர் முதலாளி என்றால் புடவையும் அவருடையது. நெசவாளிக்குச் சொந்தம் அவர் கை மட்டுமே.

இரண்டாவது அடைப்பு கடன். மகள் திருமணம், மருத்துவச் செலவு, வீட்டு மேற்கூரை என்று முதலாளியிடம் வாங்கும் முன்பணம் பாவுக்குப் பாவு கொஞ்சமாகக் கழியும். கழிந்து முடிவதற்குள் இன்னொரு செலவு வரும். கடன் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. போக முடியாதவரிடம் கூலி உயர்வைப் பற்றிப் பேசவேண்டிய தேவை முதலாளிக்கு வராது.

இதற்காக முதலாளிகளைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது எளிது. பெரும்பாலானவர்கள் நெசவுக் குடும்பத்திலிருந்து எழுந்தவர்கள்தான். அவர்களும் பெரிய ஜவுளிக்கடைகளிடம் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள். நகரத்து மாளிகைக் கடை விலையைக் குறைத்துக் கேட்கும்போது சின்ன முதலாளியால் பட்டு விலையைக் குறைக்க முடியாது, வெள்ளி விலையைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது கூலி ஒன்றுதான். போட்டியின் அழுத்தம் மேலிருந்து இறங்கி, எதிர்த்துப் பேச வழியற்ற இடத்தில் வந்து நிற்கிறது. அந்த இடம் தறிக்குழி.

மூன்றாவது அடைப்பு வாங்குபவரின் அறியாமை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புடவை உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் நெய்தது கைத்தறிப் பட்டு என்ற பெயரில் விற்கப்படுகிறது என்ற புகார் ஓயவில்லை. சில்க் மார்க் முத்திரை தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கையால் நெய்தது என்று அது சொல்லாது. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பத்தால் எது கோர்வை, எது அப்படித் தோற்றமளிப்பது என்று பிரித்தறிய முடிவதில்லை. நல்ல சரக்கையும் மட்டச் சரக்கையும் வாங்குபவர் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதினார். 2001-இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்டது பழைய கார்ச் சந்தை. அது காந்தி சாலைக்கும் பொருந்தும். போலிக்கும் அசலுக்கும் ஒரே விலை பேசும் இடத்தில் அசலை நெய்தவருக்குக் கூடுதல் கூலி எங்கிருந்து வரும்?

ஆள் குறைந்தும் கூலி ஏறவில்லை

இளைஞர்கள் தறியைவிட்டுப் போகிறார்கள். நாடு முழுவதும் 2009-10 கணக்கெடுப்பில் 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, பத்தாண்டில் 35 லட்சமாகக் குறைந்தது. ஆள் குறைந்தால் கூலி உயர வேண்டும் என்பது பாடநூல் விதி. கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கிறது. ஆனால் ஆலைக் கூலிக்கு ஈடாக வரவில்லை.

போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள் என்பது ஒரு காரணம். தறியில் மிஞ்சியவர்களில் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். இந்த வயதில் எந்த ஆலையும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாது. வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்கள் இன்னொரு பகுதி. இந்த வயதில் எந்த ஆலையும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாது. வெளியேறும் வழி இருப்பவர்களே கூலியைப் பேரம் பேசி உயர்த்தக்கூடியவர்கள். அவர்கள் போனபின் பேசுவதற்கு ஆளில்லை.

இன்னொரு காரணத்தை 1966-இல் வில்லியம் போமோலும் வில்லியம் போவனும் இசைக் கலைஞர்களை வைத்து விளக்கினார்கள். நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கோவைக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பும் நால்வர் தேவைப்பட்டார்கள், இன்றும் நால்வர் தேவை, அதே நேரமும் தேவை. இதற்கிடையே ஆலைகளில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் பல மடங்கு பெருகிவிட்டது. கோர்வைத் தறியும் அப்படித்தான். பத்து நாள் வேலையை ஐந்து நாளில் முடித்தால் அது கோர்வையாக இருக்காது. இசைக் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் உயர்ந்தது, புரவலர்கள் கொடுத்தார்கள், அரசுகள் மானியம் கொடுத்தன. தறிக்கு அப்படிக் கைகொடுக்க யாரும் இல்லாதபோது, அந்த இடைவெளியைக் குறைந்த கூலியால் நெசவாளியே நிரப்புகிறார்.

ஒரு காலத்தில் அந்த இடைவெளியைக் குழந்தைகளும் நிரப்பினார்கள். கரை நாடா தள்ளச் சின்ன விரல்கள் தேவை என்று சாக்குச் சொல்லி, முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவர்களையும் சிறுமிகளையும் தறியில் உட்காரவைத்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலும், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இலும் வந்தபின்னும் அது தொடர்ந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகள் பற்றி 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துக்கும் இடம் இருந்தது. தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இந்த ஊர் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய மாற்றம் அது. ஆனால் பிள்ளை எழுந்த இடத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் அம்மா. அவருக்கென்று தனிக் கூலி இல்லை. புடவைக் கூலி கணவர் பெயரில் எழுதப்படுகிறது. ஒரே தறியில், ஒரே புடவையில், ஒருவர் உழைப்பு கூலியாகவும் மற்றவர் உழைப்பு குடும்பக் கடமையாகவும் எழுதப்படும் இந்த வேறுபாடு எந்தச் சந்தைப் போட்டியாலும் தானாகத் தீராது.

இரண்டாவது வாசல் திறந்தபோது

இதையெல்லாம் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. வாசல் திறந்த இடங்களில் கூலி உயர்ந்திருக்கிறது.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் தொடங்கிப் பரவியபோது, கூலி ஏறிவிட்டது, வயல்வேலைக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள் என்ற புலம்பல் தமிழ்நாடெங்கும் கேட்டது. திட்டம் தந்த நாட்கள் குறைவுதான். ஆனால் வேறொரு வேலை இருக்கிறது என்ற நிலையே தனியார் கூலியையும் உயர்த்தியது என்று இந்தியா பற்றிய ஆய்வுகள் காட்டின. கிராமத்துப் பெண்ணுக்கு அதுவரை இல்லாத இரண்டாவது வாசல் அது.

காஞ்சிபுரத்தில் அந்த இரண்டாவது வாசலாகப் பிறந்தவை கூட்டுறவுச் சங்கங்கள். முதலாளியிடம் நெய்வதா, சங்கத்தில் நெய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவை நெசவாளிக்குக் கொடுத்தன. இந்த ஊரில் பிறந்த அண்ணாவின் பெயரிலும் காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர் பெயர்களிலும் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் ஊரின் அடையாளங்கள். சங்க நெசவாளிக்குப் போனஸ் உண்டு. கூலியில் ஒரு பங்கு சேமிப்பாகச் சேர, அரசும் தன் பங்கைச் செலுத்தும் திட்டம் உண்டு. சங்கத்தில் என்ன கூலி என்பது ஊருக்கே தெரியும் என்பதால் தனியார் முதலாளியும் அதைவிட வெகுவாகக் கீழே போக முடிவதில்லை. சங்கத்தின் பயன் அதன் உறுப்பினரோடு நிற்பதில்லை.

அதே சங்கம் தளர்ந்தால் எல்லோருக்கும் நஷ்டம். சரக்குத் தேங்கினால் உறுப்பினருக்கு அடுத்த பாவு தாமதமாகும். தள்ளுபடி மானியம் தாமதித்தால் சங்கத்தின் கையில் பணம் வறளும். பாவுக்குக் காத்திருந்து சலித்தவர் மறுபடி முதலாளியின் முன்பணத்துக்குத் திரும்புவார். வாசல் பெயரளவில் திறந்திருந்தால் போதாது. நடந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

சாம்சங் தொழிலாளர்கள் தொழிற்சங்கப் பதிவுக்காக அவ்வளவு போராடியதன் பொருளும் இதுதான். ஒருவர் தனியாகப் பேசினால் போகலாம் என்பார்கள். எல்லோரும் சேர்ந்து பேசினால் உட்காருங்கள் என்பார்கள். அவர்களின் சங்கம் 2025 ஜனவரியில் பதிவு செய்யப்பட்டது. வெளியேறும் வழி குறைவாக இருப்பவர்களுக்கு ஒன்றுசேரும் உரிமைதான் மாற்று வாசல்.

கூலியை உயர்த்தினால் தொழில் அழியுமா?

குறைந்தபட்சக் கூலியைப் பற்றிப் பேசினாலே தொழில் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை வரும். 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோதும் இதே எச்சரிக்கைதான். டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கேயும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் இருந்த துரித உணவகங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை குறையவில்லை. 2021-இல் கார்டுக்கு நோபல் கிடைக்க இந்த ஆய்வும் ஒரு காரணம். தொழிலாளிக்கு வேறு வழி இல்லாததைப் பயன்படுத்திக் கூலி அழுத்தப்பட்டிருக்கும் இடத்தில், சட்டம் அதை ஓரளவு உயர்த்தினால் வேலை போகாது என்பதே அதன் பாடம்.

தமிழ்நாட்டில் பட்டுக் கைத்தறி நெசவுக்கும் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்படுகிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. அதை ஏட்டிலிருந்து தறிக்குக் கொண்டுவரச் சில வேலைகள் உடனே நடக்க வேண்டும்.

கூலி நிர்ணயத்தில் கோர்வைத் தறிக்கு இரண்டு பேரின் உழைப்பைக் கணக்கிட வேண்டும். உதவி செய்யும் பெண்ணின் பெயரும் கூலிப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒவ்வொரு பாவுக்கும் எழுத்தில் கூலிச் சீட்டு கட்டாயமாக வேண்டும். வாய்ப்பேச்சில் பேசிய கூலிக்கு எந்த அலுவலகமும் நியாயம் வழங்க முடியாது.

முன்பணக் கட்டை அவிழ்க்க வங்கிக் கடன் தறிவீட்டுக்கு வர வேண்டும். 6 சதவீத வட்டியில் நெசவாளர் முத்ரா கடன் என்ற திட்டம் இருக்கிறது. முதலாளியிடம் இருக்கும் பழைய கடனை அடைக்கவும் அது பயன்பட வேண்டும். அப்போதுதான் நெசவாளி வேறு இடத்தில் கூலி கேட்டுப் பார்க்க முடியும்.

சங்கங்களுக்கு அரசு தரவேண்டிய மானியம் உரிய காலத்தில் வர வேண்டும். உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம் காலம் தவறாமல் அமைய வேண்டும். கைத்தறி என்ற பெயரில் விசைத்தறிச் சரக்கை விற்றால் கடை எவ்வளவு பெரியதானாலும் நடவடிக்கை பாய வேண்டும். ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே ஊதியம் கிடைக்க வேண்டும். தற்காலிக அரசு ஊழியர்கள் தொடர்பான ஜக்ஜீத் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்திப்பிடித்த சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை ஆலைவாசலில் நின்றுவிடக் கூடாது.

இவற்றோடு, வாங்குபவர் கையிலும் ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்க வரும் நாம் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, எடை எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கிறோம். இனி இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இது கையால் நெய்ததா? இதை நெய்தவர்களுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தீர்கள்? பதில் சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால், கூலியைப் புடவைச் சீட்டில் அச்சிடும் கடைகளும் வரும்.

சந்தை தானாகக் கூலியைச் சமன்படுத்தும் என்று காத்திருந்து பல தலைமுறைகள் கழிந்துவிட்டன. சட்டமும் சங்கமும் வாடிக்கையாளரும் சேர்ந்து தறிவீட்டுக்கு இரண்டாவது வாசலைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் இன்னொரு தலைமுறையில் கோர்வை நெய்யத் தெரிந்த கைகள் காஞ்சிபுரத்தில் இருக்காது.